உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவை

இதில் வரும் ஒருவரிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், நாடு, உறவுமுறை எல்லாம் அவர் சொன்னபடி மாற்றியாயிற்று. ஆகவே "இது இன்னாரின் மருமகளல்லவா" என்று துப்புத் துலக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் அடுப்பில் கறி அடிப்பிடிக்கிறது, போய்ப் பாருங்கள்.

நான் சாய்ந்தமருதில் இருந்துகொண்டு வியாழக்கிழமைதோறும் ஒரு சமையல் கடிதம் எழுதுகிறவள். மின்னஞ்சலில் போகும். வெளிநாடு போன என் பள்ளித் தோழிகள் நாலைந்து பேர் ஆளுக்கொரு நேரத்தில் தொலைபேசி எடுத்து, கீரிமீன் ஆணத்துக்குப் புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் எப்போது என்று கேட்டு உயிரை வாங்கியதில் தொடங்கியது. ஒரே விஷயத்தை ஐந்து பேருக்கு ஐந்து தடவை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எழுதி ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பினேன். அவர்கள் தங்கள் மச்சிமாருக்குச் சொல்ல, மச்சிமார் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, இரண்டு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கட்டார், ரியாத், லண்டன், மெல்பேர்ன், பொத்துவில், அக்கரைப்பற்று என்று எங்கள் பெண்கள் எங்கெல்லாம் அடுப்பு மூட்டுகிறார்களோ அங்கெல்லாம் கடிதம் போகும்.

சேருகிறவர்கள் நிரப்புவதற்கு ஒரு படிவம் வைத்திருந்தேன். பெயர், ஊர், இப்போது இருக்கும் நாடு, வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா. ஆளுக்குத் தக்கபடி உப்பையும் சர்க்கரையையும் குறைத்துச் சொல்லத்தான் கேட்டேன், வேறு எண்ணம் சத்தியமாக இல்லை. எங்கள் பெண்களும் ஒன்றுக்கு நாலாக எழுதித் தள்ளினார்கள். ஒருவர் தன் மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். நான் முழங்காலுக்கு என்ன சமைப்பது?

கடிதத்தின் அடியில், பிறருக்காக இறைவனிடம் வேண்டும் துஆப் பகுதி ஒன்றும் இருந்தது. எங்கள் தெருவில் திங்கட்கிழமை பின்னேரம் பெண்கள் ஒரு வீட்டில் கூடி யாசீன் ஓதுவோம். ஓதி முடித்ததும் ஒவ்வொருவராகத் துஆக் கேட்பார்கள். மகனுக்குச் சோதனை, மருமகனுக்கு விசா, உம்மாவுக்கு ஒப்பரேசன். யாருக்கு, எதற்கு, எந்த வைத்தியசாலை, எத்தனையாம் வாட்டு என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னால்தான் கேட்கிறவர்களுக்கும் மனம் உருகும், ஆமீனும் சத்தமாக வரும். அந்த வழக்கத்தை அப்படியே கடிதத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். சமையலை விட்டுவிட்டு முதலில் துஆப் பகுதியைத்தான் வாசிப்போம் என்று சொன்னவர்களும் உண்டு. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கடிதத்தை அனுப்பித் தருவது ஒரு வெளிநாட்டுக் கம்பனி. யார் கடிதத்தைத் திறந்தார், யார் திறக்கவில்லை என்று அவர்களுடைய பக்கத்தில் ஆளுக்கொரு குறி போட்டுக் காட்டும். மருதமுனையிலிருந்து லண்டன் போன, என்னை ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் ஒரு தங்கச்சி மூன்று கிழமையாக, மூன்று கடிதமாக, திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கேற் மூன்று நாள் திறக்கவில்லையென்றால் எட்டிப் பார்க்கமாட்டோமா? அந்த நினைப்பில், "மூன்று கிழமையாகக் கடிதத்தைத் திறக்கவில்லையே, சுகமில்லையா?" என்று எழுதினேன்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

"ராத்தா, நான் துறக்கல்ல எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? என்ட பேரு, ஊரு, மாப்பிளட சீனி வருத்தம் எல்லாம் உங்கள்ட்ட இரிக்கி. அது எங்க இரிக்கி, ஆரு பாக்கிற, எப்ப அழிக்கிற? எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் எழுத்துல சொல்லுங்க."

அவருக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் இதுதானாம் வேலை, ஆட்களின் விவரங்களைக் கம்பனிகள் ஒழுங்காக வைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. எனக்கு வந்த கோபத்தில் அரைத்துக்கொண்டிருந்த சம்பலைக்கூட மறந்துவிட்டேன்.

"நான் என்ன, அவட நகப்பெட்டியயா துறந்து பாத்தன்? சுகம் கேட்டது குத்தமா?" என்று கணவரிடம் பொரிந்தேன். அவர் நாவிதன்வெளியில் வயல் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து, கிணற்றடியில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவ கேக்கிறது ஞாயந்தானே. என்ட வயலுக்குள்ள ஒருத்தன் இறங்கி நிண்டு பயிர் பாத்தா, ஆருடா நீ எண்டு நான் கேக்கமாட்டனா?" என்றார்.

"நல்லது பாக்க இறங்கினா?"

"நல்லது பாக்க வந்தவன் வரம்புல நிண்டு கூப்பிடுவான்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, எழுதிக் கொடுத்துத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன். ஏதோ ஒரு பெரிய கம்பனியின் ஆங்கில அறிவித்தலை எடுத்து, கணினியைக் கொண்டு தமிழாக்கி, அப்படியே அனுப்பினேன். "தரவுப் பொருளாகிய தாங்கள்" என்று தொடங்கி ஆறு பக்கம். நானே இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். மறுநாள் வந்த பதில்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ரியாத்திலிருந்து ஒருவர், "ராத்தா, உங்கள ஆரும் கோட்டுக்கு இழுத்துட்டாங்களா? வக்கீல் வேணுமா?" என்று கேட்டிருந்தார். அக்கரைப்பற்று ஆசிரியை ஒருவர், தாம் எதில் கையெழுத்திட வேண்டும் என்று பதறியிருந்தார். லண்டன்காரியின் பதில்தான் சுருக்கம்: "முந்தித் தெரிஞ்சதும் இப்ப தெரியாமப் போச்சு."

அதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆட்டுக்கால் சூப்பை மெல்பேர்னில் இருக்கிற, சமையல் தெரியாத பிள்ளைக்கும் விளங்க எழுதுகிறவள் நான். இதையும் அப்படி எழுத முடியாதா? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, புரியாத சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதினேன்.

"உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவை: நீங்கள் தந்த பெயர், மின்னஞ்சல் முகவரி, ஊர், நாடு. உங்கள் வீட்டில் யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர் என்பதும் தெரியும். அதை நீங்கள்தான் சொன்னீர்கள். கடிதத்தைத் திறந்தீர்களா என்பதும் இதுவரை தெரிந்தது. இனித் தெரியாது, அதை நிறுத்திவிட்டேன்.

இவை இருக்கும் இடம்: கடிதத்தை அனுப்பித் தரும் கம்பனியின் கணினி, என்னுடைய மடிக்கணினி. என் மடிக்கணினியின் கடவுச்சொல் என் கணவருக்குத் தெரியாது. அவருடையது எனக்குத் தெரியும், அது வேறு கதை.

யாருக்குக் கொடுப்பேன்: யாருக்கும் இல்லை. போன மாதம் மசாலாத்தூள் வியாபாரி ஒருவர் உங்கள் முகவரிகளைக் கேட்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடிதம் வேண்டாமென்றால்: அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்துங்கள். காரணம் கேட்கமாட்டேன். கொஞ்சம் கோபிப்பேன், ஆனால் வெளியில் சொல்லமாட்டேன்.

'என்னை மறந்துவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதினால், உங்களைப் பற்றி என்னிடம் இருப்பதை எல்லாம் அன்றைக்கே அழித்துவிடுவேன்."

அந்த வியாழக்கிழமைக் கடிதத்தின் தலையில் இதைப் போட்டு, கீழே கத்தரிக்காய்ப் பால்கறியும், அதற்கும் கீழே வழமைபோல் துஆப் பகுதியுமாக அனுப்பினேன். பாராட்டு வந்து குவிந்தது. லண்டன்காரிகூட, "மாஷா அல்லாஹ் ராத்தா, எங்கட ஒபீஸ்ல காட்டப் போறன்" என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவர் வயலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் ஒரு கடிதம் வந்தது. அதை எழுதியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கல்முனைக்குடிப் பிள்ளை, கட்டாரில் கணவரோடு இருப்பவர். அதற்கு முந்தின கிழமைதான் எனக்கு எழுதியிருந்தார்: மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, முந்தி இரண்டு தரம் கலைந்துபோயிற்று, இப்போது எதைச் சாப்பிடலாம்? அவருக்கு இஞ்சிக் கஞ்சி சொல்லிக் கொடுத்தேன். அவருடைய கடிதத்தின் கடைசி வரி, "துஆச் செய்ங்க ராத்தா" என்பது. எங்கள் ஊரில் கடிதம் முடிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் முடிப்பார்கள். நான் அதைத் துஆப் பகுதிக்கு வந்த வேண்டுகோள் என்று எடுத்துக்கொண்டேன். பெயர் போடக் கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. "கட்டாரில் இருக்கும் கல்முனைக்குடிச் சகோதரி ஒருவர், இரண்டு தரம் மனமுடைந்தவர், இப்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் நல்ல செய்தியோடு இருக்கிறார்" என்று, உருக்கமாக, கண் கலங்கிக்கொண்டு எழுதினேன்.

அவருடைய மாமியாரின் மகள் பொத்துவிலில் இருக்கிறார். என் கடிதத்தை விடாமல் வாசிப்பவர். வாசித்த கையோடு உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். மாமியாருக்குத் தலைகொள்ளாத சந்தோஷம். வெள்ளிக்கிழமை பின்னேரமே வட்டிலப்பம், பழம், சீனிமாப் பெட்டி சகிதம் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு ஓட்டோவில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறார். அந்த வீட்டு உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பெற்றவளுக்கே தெரியாததை மாமியார் வந்து வாழ்த்தினால் எப்படி இருக்கும்? அன்றைக்குக் கட்டாருக்குப் போன தொலைபேசிகளுக்குக் கணக்கில்லை.

சனிக்கிழமை அந்தப் பிள்ளை எழுதியது இது:

"ராத்தா, எனக்கு உம்மா இரிக்கா, மாமி இரிக்கா, கூடப்பொறந்த ரெண்டு ராத்தாமார் இரிக்காங்க. அவங்க ஒருத்தருக்கும் சொல்லாம உங்களுக்குச் சொன்னது, நீங்க எனக்கு ஆருமில்ல எண்டதாலதான். போன ரெண்டு தரமும் முன்னுக்கே எல்லாருக்கும் சொன்ன நான். மறுகா எல்லாரும் அழுதழுது வந்தாங்க. அவங்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னது நான்தான். இந்தத் தரம் நாலு மாசம் மட்டும் எனக்குள்ளயே வெச்சிக்க நினச்சன். அவ்வளவுதான் நினச்சன்."

வாசித்துவிட்டு அடுப்படியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்றால் என்னவென்று நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.

என் கூடப்பிறந்த தங்கச்சி மிட்வைஃப். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவள் வேலை. அவளுக்குத் தெரியாத வயிறு அந்தப் பகுதியில் இல்லை, ஆனால் எங்கள் உம்மாவே தலைகீழாக நின்று கேட்டாலும் ஒரு சொல் வராது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் வாசித்தாள், என் அறிவித்தலையும் துஆப் பகுதியையும்.

"நான் பேர் போடல்லயே," என்றேன்.

"கட்டார் போட்டிரிக்கீங்க, கல்முனைக்குடி போட்டிரிக்கீங்க, ரெண்டு தரம் எண்டும் போட்டிரிக்கீங்க. மறுகா பேரு எதுக்கு?"

"துஆக்குத்தானே புள்ள போட்டன்!"

"துஆக்கு விலாசம் எதுக்கு ராத்தா? ஆருக்கெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியாதா? விலாசம் எங்களுக்குத்தான் தேவப்பட்டிரிக்கி."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. சொன்னது அவ்வளவும் உண்மை என்பதால்தான். வெறும் ஈமெயில் முகவரிக்கு ஆறு பூட்டுப் போட்டுவிட்டு, ஒரு பெண் நம்பிச் சொன்னதை முச்சந்தியில் வைத்திருக்கிறேன்.

உடனே கல்முனைக்குடிக்குப் போய் மாமியாரின் காலில் விழுந்தாவது, அந்தக் கடிதம் வேறு யாரையோ பற்றியது என்று சொல்லிவிடத் துடித்தேன். "பொய்யும் சொல்லப் போறீங்களா?" என்று தங்கச்சி ஓட்டோவை நிறுத்திவிட்டாள். அடுத்த கடிதத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். லண்டன்காரியிடம் யோசனை கேட்டபோது அவரும் தடுத்தார். "மறுகாவும் அவவப் பத்தித்தான் எழுதப் போறீங்க. முதல் தரம் கவனிக்காதவங்களும் இப்ப தேடுவாங்க. மன்னிப்ப அவகிட்ட மட்டும் கேளுங்க, ராத்தா."

அவரிடம் மட்டும் கேட்டேன். காரணம், விளக்கம் ஒன்றும் வைக்கவில்லை. நான் செய்தது பிழை, என் ஆசைக்கு உங்கள் விஷயத்தை எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "மாப் ராத்தா, மன்னிச்சிட்டன். ஆனா, என்னை மறந்துருவன் எண்டு உங்கட அறிவித்தல்ல எழுதியிரிக்கீங்க. மறந்துருங்க."

பட்டியலிலிருந்து அவரை எடுத்தேன். வந்த கடிதங்கள், நான் அனுப்பிய பதில்கள், குப்பைக்கூடையில் கிடந்தவை எல்லாவற்றையும் அழித்தேன். கஞ்சிக்கான குறிப்பைப் பென்சிலால் எழுதிவைத்த கொப்பித்தாளையும் கிழித்து அடுப்பில் போட்டேன். இதைத் திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமா என்று கணினி கேட்டது. நிச்சயம் என்று அழுத்திவிட்டு, மூக்கைச் சீந்திக்கொண்டு நெய்ச்சோற்றுக்கு அரிசி களைந்தேன். அந்தப் பிள்ளை நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்க எனக்கு இனி ஒரு வழியும் இல்லை, உரிமையும் இல்லை.

அறிவித்தலைத் திருத்தி, ஒரு பந்தி கூட்டினேன்:

"நீங்கள் எனக்கு எழுதும் பதில் எனக்கு மட்டும். பெயரை எடுத்துவிட்டுக்கூட வெளியில் சொல்லமாட்டேன், பெயரை எடுத்தாலும் ஆள் தெரிகிற ஊர் நம் ஊர். துஆச் செய்யச் சொன்னால் நான் செய்வேன். எல்லோருக்கும் சொல்லச் சொன்னதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். படிவத்தில் இனிப் பெயர், ஊர், வருத்தம் ஒன்றும் கேட்பதில்லை. மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும். பழையவற்றை அழித்துவிட்டேன். உப்பை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள்."

துஆப் பகுதியை அடியோடு நிறுத்தினேன். அல்லாஹ்வே, அதற்கு வந்த எதிர்ப்பு! கத்தரிக்காயை நிறுத்தியிருந்தால்கூட இப்படிச் சண்டைக்கு வந்திருக்கமாட்டார்கள். "எங்கட உம்மாட ஒப்பரேசனுக்கு இனி ஆரு கேக்கிற?" என்று ஒருவர். "ஊர்ப் புதினம், ஊர்க் கத ஒண்டும் தெரியுதில்ல," என்று இன்னொருவர் உண்மையைக் கக்கிவிட்டார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கடிதத்தின் அடியில் இப்போது இப்படித்தான் இருக்கும்: "இந்தக் கிழமை துஆக் கேட்டவர்கள் ஒன்பது பேர். யார், எதற்கு என்று கேட்காமல் கையை ஏந்துங்கள்." முதல் மாதம் முணுமுணுத்தார்கள். மறுகா பழகிவிட்டது. துஆக் கேட்கிறவர்களின் தொகைதான் கூடியது. முன்பு வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் எழுதத் தொடங்கினார்கள், அதில் என்னென்ன இருந்தது என்று சொல்லமாட்டேன்.

நான் மட்டும் ஒன்பது பேருக்குக் கேட்கும்போது பத்தாவதாக ஒருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். மறந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தது உண்மைதான். கணினியில் அழித்தது என் மண்டையில் அழியவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? எத்தனையோ தரம் தங்கச்சியிடம் கேட்க வாய் வந்தது. கல்முனைக்குடியில் அவளோடு படித்த மிட்வைஃப் இருக்கிறாள், ஒரு தொலைபேசி போதும். அவளைப் பார்த்தால் மீன் என்ன விலை என்று கேட்டு மாற்றிவிடுவேன். மூன்றாம் மாதம், நாலாம் மாதம், ஏழாம் மாதம் என்று விரல் விட்டு எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம், வியாழக்கிழமைக் கடிதம் போன மறுநாள் காலையில், புதிய முகவரி ஒன்றிலிருந்து ஒரு மெயில் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. முகவரியும் யாரென்று தெரியாத வெறும் எழுத்தும் இலக்கமும். "அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. புள்ள பெத்தவங்களுக்குப் பால் ஊற, பால்சுறா வறை எப்பிடிச் செய்யிற? இஞ்ச ஐஸ் சுறாதான் கிடைக்கும்."

மறுபடி விரல் விட்டு எண்ணினேன், கணக்குச் சரியாக வந்தது. "மகள், நீங்கதானா?" என்று எழுதினேன். அழித்தேன். "நல்லா இரிக்கீங்களா?" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கேட்டால் மறுபடி நானே வரம்பு தாண்டி இறங்கியதாகிவிடும். உலகத்தில் எத்தனையோ பேர் பிள்ளை பெறுகிறார்கள், எத்தனையோ பேர் சுறா சமைக்கிறார்கள்.

ஐஸ் சுறாவை முதலில் தண்ணீரில் போட்டுக் குளிர் போகவிட வேண்டும் என்று தொடங்கினேன். மஞ்சள் போட்டு அவித்து, தோலையும் நடுமுள்ளையும் எடுத்து, பிழிந்து உதிர்த்து, உள்ளியும் மிளகும் கூட, துருவிய தேங்காய்ப்பூ அளவாக. மிளகாய் உறைப்பு வேண்டாம், பாலில் இறங்கினால் பிள்ளைக்கு வயிறு குத்தும். அவ்வளவும் எழுதி, கீழே வேறு ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பிவிட்டு, கணினியை மூடிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் மனிசனுக்குச் சட்டை தேய்த்தேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் திறந்தபோது பதில் வந்திருந்தது. இரண்டு வரி.

"நீங்க ஒண்டும் கேக்கல்ல ராத்தா. அதனால சொல்றன். பொம்புளப் புள்ள, அல்ஹம்துலில்லாஹ்."